ஒசாகாவின் மஞ்சள் கோடு: பயணப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். ஜப்பான் நகரங்களைப் பற்றி அதில் வரும் கட்டுரைகளில் ஒளிரும் விளம்பரப் பலகைகளும் கோட்டைகளும் செர்ரி மலர்களும் அதிவேக ரயிலும் தவறாமல் இடம் பெறுகின்றன. ஆனால், கண் தெரியாத ஒருவரோ படியேற முடியாத ஒருவரோ அந்த ஊரில் எப்படி நடமாடுவார் என்பது பற்றி ஒரு வரியைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. கடந்த நவம்பர் மாதத்தில் முதன்முறையாக ஒசாகாவுக்குச் சென்று, ஒன்பது நாள்கள் தங்கித் திரும்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தின் பேரில் இந்தக் குறையைத் தங்களிடம் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். திருச்சிராப்பள்ளியில் ஒரே கல்லூரியில் படித்து, வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட தோழிகள். எங்களில் ஒருத்திக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, ஏழு ஆண்டுகளுக்கு முன்பு முற்றிலும் போய்விட்டது. வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும் பிரெய்ல் படிக்கவும் ஐம்பத்தாறு வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவள் அவள். எங்கேயாவது தொலைதூரம் போய்வர வேண்டும் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் நாங்கள் விசாரித்தபோது, மற்ற பயணிகளுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தயங்கிய அங்கிருந்த ஊழியர், “அவங்க வந்து எதைப் பார்க்கப் போறாங்க?” என்று அவள் காதுபடவே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. வெளியே வந்து வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. குழுப் பயணம் வேண்டாம், நாமே போவோம் என்று அன்று மாலையே முடிவு செய்தோம்.

ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம், கடலில் மண் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவில் 1994-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அங்கேயே ‘இகோகா’ என்ற பயண அட்டையை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். அந்த வட்டாரப் பேச்சு வழக்கில் ‘இகோகா’ என்றால் ‘போவோமா’ என்று பொருள். ரயில் ஏறி முக்கால் மணி நேரத்தில் நகரின் தெற்கு மையமான நம்பாவில் இறங்கினோம். வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரம் அது. கூட்டத்தைக் கண்டதும் நாங்கள் மூவரும் அரண்டு போய் அவளைச் சுற்றிக் கைகோத்து நின்றோம். அவளோ கோலைத் தரையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கையை விடுங்கடி, இங்கே வழி இருக்கு” என்றாள்.

அவள் சொன்ன வழி, தரையில் பதித்திருந்த மஞ்சள் ஓடுகள். ஒரு வகை ஓட்டில் நீளவாக்கில் வரிமேடுகள் இருக்கும். அந்தத் திசையில் தொடர்ந்து நடக்கலாம் என்று பொருள். மற்றொரு வகையில் புள்ளிப் புள்ளியாக மேடுகள் இருக்கும். நில், முன்னால் படிக்கட்டோ திருப்பமோ நடைமேடையின் ஓரமோ இருக்கிறது என்று எச்சரிக்கை. இதே ஓடுகளைச் சென்னை மெட்ரோ நிலையங்களிலும் நாம் பார்க்கலாம். ஆனால் ரயில் வாயிலில் தொடங்கி, படிக்கட்டு, பயணச்சீட்டு வாயில், மின்தூக்கி, கழிப்பறை, தெரு, அடுத்த தெரு என்று அறுபடாமல் அவை நீண்டு கிடப்பதை நாங்கள் அங்கேதான் கண்டோம். படிக்கட்டின் கைப்பிடியில் எந்தப் படி எங்கே போகிறது என்று பிரெய்லில் பொறித்திருக்கிறார்கள். கழிப்பறை வாசலில் ஆண்களுக்கு எந்தப் பக்கம், பெண்களுக்கு எந்தப் பக்கம் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. சாலையைக் கடக்கும் இடங்களில் பச்சை விளக்கு விழும்போது ‘கக்கோ’ என்று ஒரு பறவைக்குரலோ ‘பியோ’ என்று கோழிக்குஞ்சின் குரலோ ஒலிக்கிறது. பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கடக்க முதலாவது, வடக்கு தெற்காகக் கடக்க இரண்டாவது. இரண்டாம் நாளிலேயே அவள் திசையைச் செவியால் பிடித்துக்கொண்டாள். கைப்பேசி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அவள்தான் தெற்கு எது, வடக்கு எது என்று சொன்னாள்.

இந்த ஓடுகளின் கதையைப் பயணத்துக்கு முன்பே படித்து வைத்திருந்தவளும் அவளே. ஒசாகாவுக்கு மேற்கே உள்ள ஒக்கயாமா நகரில் தங்கும் விடுதி நடத்தி வந்த மியாகே செயிச்சி என்பவர், பார்வையை இழந்துவந்த தம் நண்பரை எண்ணி, 1965-ஆம் ஆண்டில் இவற்றை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒக்கயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த சாலைக் கடப்பில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. தொடக்கத்தில் எந்த நகராட்சியும் பெரிதாக அக்கறை காட்டாத நிலையில், தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து அவற்றைப் பரப்பியவர் அவர். ஒரு ரயில் நிலையத்தில் அவை முதலில் இடம்பெற்றது ஒசாகாவில்தான். 1970-ஆம் ஆண்டு, பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகிலுள்ள அபிகோச்சோ நிலையத்தில்.

அந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். தென்னோஜியிலிருந்து ஹான்வா தடத்தில், எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் ரயிலில் போனோம். சுற்றுலாப் பயணி எவரும் இறங்கக் காரணமில்லாத சாதாரண நிலையம் அது; இப்போது மேல்மட்டப் பாதையில் அமைந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சிலரும் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டியும் இறங்கிச் சென்ற பிறகு நடைமேடை காலியாகிவிட்டது. அவள் காலணியைக் கழற்றிவிட்டு, புள்ளி ஓட்டின் மேல் உள்ளங்காலை வைத்துச் சிறிது நேரம் நின்றாள். அன்று அங்கே பதித்த பழைய ஓடுகள் இப்போது இருக்க வாய்ப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும். “என்னை மாதிரி ஒருத்திக்காக ஒருத்தர் கைக்காசைப் போட்டுச் செய்தது, இத்தனை ஊர் தாண்டி என் காலுக்கு வந்திருக்கு” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒன்பது நாள்களில் எனக்கு மிகவும் விலைமதிப்புள்ளது எது என்று கேட்டால், விளம்பரப் பலகை ஒன்றுகூட இல்லாத அந்த நடைமேடையில் கழிந்த கால் மணி நேரத்தையே சொல்வேன்.

நகரத்தின் பரபரப்பைக் குறைத்துச் சொல்வதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். வடக்கு மையமான உமெதா எங்களை ஒரு பகல் முழுவதும் அலைக்கழித்தது. அங்கே ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிலையத்துக்கு ஒசாகா என்று பெயர். அதை ஒட்டியே சுரங்க ரயிலுக்கு உமெதா, கிழக்கு உமெதா, மேற்கு உமெதா என்று மூன்று நிலையங்கள். ஹான்கியூ, ஹான்ஷின் என்னும் இரு தனியார் ரயில் நிறுவனங்களுக்கு ஒசாகா-உமெதா என்ற பெயரிலேயே ஆளுக்கொரு நிலையம். இவற்றை இணைக்கும் நிலத்தடிக் கடைவீதிகளில் உள்ளூர்க்காரர்களே வழி தவறுவதுண்டு. நாங்கள் மூன்று முறை மேலே ஏறி மூன்று முறையும் வேறு தெருவில் முளைத்தோம். கடைசியில் கோட் அணிந்த ஓர் அம்மையார் தாமாகவே எங்கள் அருகில் வந்தார். அவருக்கு ஆங்கிலமோ எங்களுக்கு ஜப்பானிய மொழியோ தெரியவில்லை. ஆனால் அவர் என் தோழியின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கோலைத் தொடவும் இல்லை. தம் முழங்கையை அவள் கைக்கு எட்டும்படி நீட்டி, அவளாகப் பற்றிக்கொள்ளும்வரை காத்திருந்து, அரையடி முன்னால் நடந்தார். பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் முறை அதுதான் என்பதை அவளோடு பல ஆண்டுகள் பழகிய நாங்களே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். எங்களை வழியில் சேர்த்துவிட்டு, குனிந்து வணங்கி, வந்த திசையிலேயே அவர் திரும்பிப் போனதைக் கண்டபோதுதான் எங்களுக்காக அவர் எதிர்த்திசையில் நடந்து வந்திருக்கிறார் என்று புரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் நிலையங்களைப் பெயரால் தேடுவதை விட்டு எண்ணால் தேடினோம். மிதோசுஜி என்னும் சிவப்புத் தடத்தில் உமெதா எம்-16, ஷின்சாய்பாஷி எம்-19, நம்பா எம்-20, தென்னோஜி எம்-23. வெளியேறும் வாயில்களுக்கும் எண்ணோ குறியோ உண்டு. மொழி தெரியாதவருக்கு இந்த எண்கள் செய்யும் உதவி பெரிது. இந்தத் தடம் 1933-ஆம் ஆண்டு, செகி ஹஜிமே மேயராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. முதலில் ஓடியது ஒற்றைப் பெட்டி வண்டி. ஆனால் நடைமேடைகளையோ நீண்ட வண்டிகள் நிற்கும் அளவுக்கு அப்போதே கட்டி வைத்தார்கள். மேலே உள்ள மிதோசுஜி சாலையும் அதே திட்டத்தில் ஏறத்தாழ 44 மீட்டர் அகலத்துக்கு விரிக்கப்பட்டு 1937-இல் நிறைவு பெற்றது. தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களையும் எண்ணி ஒரு நகராட்சி திட்டமிட்டதன் பலனை, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து எங்கிருந்தோ வந்த நாங்கள் நால்வரும் அனுபவித்தோம். சாலையின் இருபுறமும் உள்ள கிங்கோ மரங்களின் இலைகள் அப்போது உதிரத் தொடங்கியிருந்தன. ஓர் இலையைத் தோழியின் கையில் கொடுத்தோம். விரலால் நீவிப் பார்த்து, விசிறி போல இருக்கிறதே என்றாள். அந்த இலையின் வடிவத்தை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

“எதைப் பார்க்கப் போறாங்க” என்ற கேள்விக்கு வருகிறேன். தோதோன்போரி, 1615-இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாயின் கரையில் உள்ள கேளிக்கைத் தெரு. எல்லாப் பயணக் கட்டுரைகளிலும் வரும், கைகளை உயர்த்தி ஓடும் வீரனின் விளம்பரப் பலகை அங்கேதான் இருக்கிறது. 1935-இல் முதலில் வைக்கப்பட்ட அது, இப்போது ஆறாம் வடிவில் நிற்கிறது. நாங்கள் மூவரும் அதைப் படம் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருப்போம். அவள்தான் எங்களை நிறுத்தினாள். குழிகள் உள்ள இரும்புத் தட்டில் மாவு விழும் ஓசை, அந்த மாவு உருண்டைகளைக் கூரிய கம்பியால் புரட்டும் சுரண்டல், கடைக்காரர்கள் வரவேற்றுக் கூவும் ‘இரஷ்ஷாய்மசே’, படகிலிருந்து வரும் வழிகாட்டியின் ஒலிபெருக்கி, பாலத்தின் அடியில் அது எதிரொலிக்கும் விதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எங்களுக்குக் காட்டினாள். அங்கிருந்து சில அடி தூரத்தில் கல் பாவிய ஒரு சந்துக்குள் ஹோசென்ஜி கோயில் இருக்கிறது. வேண்டிக்கொள்பவர்கள் காலங்காலமாக நீர் ஊற்றி ஊற்றி, அங்குள்ள ஃபுதோ என்னும் பௌத்தத் தெய்வத்தின் சிலை முழுவதும் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. அகப்பையில் நீர் மொண்டு அவளும் ஊற்றினாள். கல்லில் விழும் நீருக்கும் பாசியில் விழும் நீருக்கும் ஓசை வேறு என்று அவள் சொன்ன பிறகுதான் எங்கள் காதுக்கும் அது கேட்டது.

உணவைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும்: எங்களில் இருவர் சைவம். காய்கறி மட்டுமே போட்ட நூடுல்ஸ் என்று நினைத்து வாங்குவதிலும் குழம்புநீர் பெரும்பாலும் உலர்மீன் சீவலில் காய்ச்சியதாகவே இருக்கும். இதை முன்கூட்டியே எழுதி வைத்துக் காட்டினால் கடைக்காரர்கள் பொறுமையாகப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.

கோட்டைக்கும் போனோம். தொயொத்தோமி ஹிதெயோஷி 1583-இல் கட்டத் தொடங்கிய ஒசாகா கோட்டையில் இன்றுள்ள உயர்ந்த மாடம், நகர மக்களின் நன்கொடையால் 1931-இல் எழுப்பப்பட்ட கான்கிரீட் கட்டடம். உள்ளே மின்தூக்கி இருக்கிறது. ஆனால் அவள் வெகுநேரம் நின்றது மாடத்தில் அல்ல, சகுரா வாயிலை ஒட்டிய மதிலின் அருகில். ‘தாக்கோ இஷி’ என்னும் ஒற்றைக் கல் அங்கே சுமார் 60 சதுர மீட்டர் முகப்போடு நிற்கிறது. அதன் எடை நூறு டன்னுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கையால் தடவிக்கொண்டே அதன் நீளம் முழுவதும் நடந்தாள். வெயில் பட்ட பகுதியும் நிழல் பட்ட பகுதியும் தொடும் சூட்டிலேயே வேறாகத் தெரிகின்றன என்றாள். அந்தக் கல் வந்தது இனுஜிமா தீவிலிருந்து. அது மஞ்சள் ஓடுகள் பிறந்த ஒக்கயாமாப் பகுதியைச் சேர்ந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நகரின் வடக்கே, 1970-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடந்த பூங்காவில் தேசிய இனவியல் அருங்காட்சியகம் 1977 முதல் இருக்கிறது. அங்குள்ள பொருள்களில் பெரும்பாலானவை கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்கப்படாமல் திறந்தே வைக்கப்பட்டிருக்கின்றன. தொட்டு உணர்வதற்கென்றே ஒரு பகுதியும் உண்டு. பதின்மூன்று வயதில் பார்வையிழந்த ஹிரோசே கோஜிரோ என்ற அறிஞர் அங்கு ஆய்வாளராகப் பணியாற்றுகிறார். தொடுதலையே மையமாகக் கொண்ட பெரிய கண்காட்சியை 2021-இல் நடத்தியவர் அவர். பார்வையற்றவருக்கு ஏதோ சலுகை கொடுப்பதாக இல்லாமல், பார்வையுள்ளவர்களும் தொட்டு அறிய வேண்டியது நிறைய இருக்கிறது என்ற எண்ணத்தில் அமைந்த இடம் அது. நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு பொருள்களைத் தொட்டுப் பார்த்தோம். எங்களில் ஒருவரும் எதையும் சரியாகச் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கியிருந்த விடுதியில் நடந்த சிறிய செய்தி ஒன்றையும் எழுத விரும்புகிறேன். முதல் நாள் காலை, குளியலறையில் உள்ள புட்டிகளில் எது ஷாம்பு என்று சொல்ல நான் எழுந்து போவதற்குள் அவள் குளித்து முடித்துவிட்டாள். ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் சிறு சிறு வரிமேடுகள் இருந்தன. அதை அடுத்து முடியில் தடவும் கண்டிஷனரின் புட்டி வழவழப்பாக இருந்தது. காவோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1991-இல் இந்த முறையைக் கொண்டுவந்து, தனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாடாமல் மற்ற நிறுவனங்களும் பின்பற்ற விட்டுக்கொடுத்தது என்று பிறகு படித்தறிந்தோம். ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக வெளியூரில் யாரையும் கேட்காமல் குளித்தேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு, அவளுக்குத் தெரியாமல் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குறைகள் இல்லாத ஊர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மஞ்சள் ஓடுகளின் மேலேயே மிதிவண்டிகளை நிறுத்திவிட்டுப் போயிருந்ததை நாங்கள் பல தெருக்களில் பார்த்தோம். ஒருமுறை அவள் முழங்கால் மிதிவண்டிப் பெடலில் மோதி வீங்கிவிட்டது. கைப்பேசியைப் பார்த்தபடியே நடப்பவர்கள் அங்கும் ஏராளம். பழைய சந்துகளில் ஓடுகள் இல்லை. அங்கெல்லாம் எங்கள் தோள்தான் துணை. மிதிவண்டியில் மோதிய அன்று, பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து அந்த வண்டியை நகர்த்திவிட்டு, அது தம்முடையது அன்று என்றபோதும் பலமுறை மன்னிப்புக் கேட்டார்.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். ஒசாகாவிலிருந்து ஒரு வார இதழ், முழுவதும் பிரெய்லில், ‘தென்ஜி மைனிச்சி’ என்ற பெயரில் வெளிவருகிறது. அன்றைய ஒசாகா மைனிச்சி நாளிதழ் 1922 மே மாதத்தில் அதைத் தொடங்கியது. முதல் ஆசிரியராக இருந்த நகமுரா கியோதாரோவும் பார்வையற்றவர். நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு நாளிதழ் மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை உடனே தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. பயணப் பக்கத்தில் எந்த ஊரைப் பற்றிக் கட்டுரை வந்தாலும், உள்நாடானாலும் வெளிநாடானாலும், அங்கே மின்தூக்கி உண்டா, சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை எங்கே, கோல் பிடித்து நடப்பவருக்கு வழி இருக்கிறதா, எவற்றைத் தொடலாம், எவற்றைக் கேட்கலாம் என்று பத்து வரியாவது சேர்த்து வெளியிடுங்கள். உங்கள் வாசகர்களில் முதியவர்கள் நிறைய. அவர்களில் பலர் கண்ணையும் முழங்காலையும் எண்ணியே வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து வரி அவர்களுக்குக் கிடைத்தால் பெட்டியை எடுப்பார்கள்.

இந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு முன்பு தோழிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னாள், திருத்திவிட்டேன். ஒன்பது நாள்களும் இரவில் விடுதி அறையில் உட்கார்ந்து பிரெய்லில் அவள் குறித்து வைத்த குறிப்புகள் எழுபது பக்கத்துக்கு மேல் இருக்கின்றன. தாங்கள் பயணப் பக்கத்தில் இடம் தருவதாக இருந்தால், அவற்றிலிருந்து ஒசாகாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித்தர அவள் ஆயத்தமாக இருக்கிறாள். எத்தனை சொற்களில் வேண்டும் என்பதை மட்டும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.